ஒருவர் வேண்டாம் என்றால் போதும்

குலுவார் என்ற பிரெஞ்சுச் சொல் எனக்குப் பத்து வயதிலிருந்தே பழக்கம். வகுப்பில் பேசினால் ஆசிரியர் வெளியே தாழ்வாரத்தில் நிறுத்திவிடுவார். அந்தத் தாழ்வாரம்தான் குலுவார். அதற்கு மலையில் வேறு பொருள் உண்டு என்பதை எழுபது வயதுக்கு மேல், பிரான்சில் என் தங்கை மகன் வீட்டில் தெரிந்துகொண்டேன். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் பனிச் சந்துக்கும் அதே பெயர்தான்.

அவன் இருப்பது கிரெனோபிளில். 1968இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். அப்போது கில்லி மூன்று தங்கம் வாங்கிய ஷாம்ரூஸ் சரிவுகள் பக்கத்துப் பெல்தோன் மலைத்தொடரில்தான் உள்ளன. ஆனால் இவனும் நண்பர்களும் போவது கம்பிவடத்தில் ஏறிச் சறுக்கும் இடங்களுக்கு அல்ல. சொந்தக் காலால் ஏறி, பிறகு சறுக்கி இறங்குவார்கள். ஏறும்போது பலகைக்கு அடியில் ஒரு பட்டையை ஒட்டிக்கொள்வார்கள். அது முன்பக்கம் வழுக்கும், பின்பக்கம் வழுக்காது. முன்காலத்தில் கடல்நாய்த் தோலில் செய்ததால் பிரெஞ்சில் இன்றும் அதற்குக் கடல்நாய்த் தோல் என்றே பெயர்.

ஒரு மார்ச் மாத ஞாயிறு. விடியுமுன் நான்கு பேராகக் கிளம்பியவர்கள் மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிட்டார்கள். சந்தின் அடிவரை போய்த் திரும்பிவிட்டார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. "இதுக்கா நாலு மணிக்கு எழுந்து போனீங்க?" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. "வானம் நல்லா இருந்துச்சு மாமா. எங்களுக்கு முன்னாடி யாரோ ஏறின தடமும் இருந்துச்சு. கூட வந்த சின்னப் பொண்ணு மட்டும் தனக்குச் சரியாப் படலைன்னு சொன்னா. திரும்பிட்டோம்."

அந்தப் பெண்ணுக்கு அதுதான் முதல் பருவம். மற்ற மூவரும் அதே சந்தில் முன்பே இறங்கியவர்கள். இருந்தும் யாரும் காரணம் கேட்கவில்லை. காலையில் கார் நிறுத்துமிடத்திலேயே பேசி வைத்துக்கொண்டார்களாம்: ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும், காரணம் கேட்கக் கூடாது, வழியில் கேலியும் கூடாது.

ஏன் இந்த ஏற்பாடு என்று கேட்டேன். அதற்கு நான்கு வருடம் முன்பு வேறு நண்பர்களோடு போனபோது, முந்தின இரவுக் காற்று கொண்டுவந்து குவித்த பனி பலகையாக உடைந்து சரிந்திருக்கிறது. அப்படிச் சேரும் பனி கீழ் அடுக்கோடு ஒட்டாமல் கிடக்கும். ஆள் பாரம் பட்டால் மொத்தமாக வழுக்கும். சந்தில் ஒதுங்கவும் இடமில்லை, இரு பக்கமும் பாறை. ஒருவன் புதைந்துவிட்டான்.

புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அதற்கு மேல் நம்பிக்கை வேகமாகக் குறையும். ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க முடியாது, கூட வந்தவர்களே தோண்ட வேண்டும். அதனால்தான் ஆளுக்கொரு சமிக்ஞைக் கருவி, நீளக் கம்பு, மண்வாரி. எல்லாம் வைத்திருந்தார்கள். தோண்டி எடுத்தபோது அவன் உயிரோடு இல்லை.

"அப்புறம் பேசினப்பதான் தெரிஞ்சுது மாமா. எங்க மூணு பேருக்குமே சந்தேகம் இருந்திருக்கு. மத்தவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னு ஆளாளுக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கோம்."

என் தங்கைக்கு இதை அவன் சொன்னதே இல்லை. இப்போது சொல்லிவிட்டான். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

மக்கேமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 700க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்திருக்கிறார். பயிற்சி பெற்றவர்களும் கண்ணெதிரே இருந்த அறிகுறிகளைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். பழகிய இடம், மற்றவர் போன தடம், கூட வரும் கெட்டிக்காரர் மேல் நம்பிக்கை ஆகியவை அவர்களை இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன.

இதைக் கேட்டபோது எனக்கு என் அலுவலகம் ஞாபகம் வந்தது. கோப்பில், கீழே இருப்பவர் பார்த்திருப்பார் என்று மேலதிகாரியும், மேலே பார்த்துக்கொள்வார்கள் என்று எழுத்தரும் கையெழுத்துப் போட்டதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். நானும் போட்டிருக்கிறேன். அங்கே போனது பணமும் காலமும். இங்கே ஒரு பிள்ளை போய்விட்டான்.

ஒரு பயந்தாங்கொள்ளி எல்லோர் பயணத்தையும் கெடுக்கலாமா என்று சிலர் கேட்பீர்கள். கெடுக்கட்டும் என்பேன். அவர் பயம் தவறாக இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், அவ்வளவுதான். மலை அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும். போகவே வேண்டாம் என்று நாம் தடுத்தாலும் பிள்ளைகள் கேட்கப்போவதில்லை. நம் கடற்கரையில் அலைக்குள் இறங்கும் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்களா என்ன? அதைவிட, "உங்க கூட்டத்துல வேண்டாம்னு யாரு சொல்லலாம்? சொன்னா மத்தவங்க கேப்பீங்களா?" என்று கேட்டு அனுப்புவது மேல்.

அன்று மாலை நால்வரும் வீட்டுக்கு வந்து கறிக்குழம்பு சாப்பிட்டார்கள். அந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மதியம் சிரித்ததற்கு நான்தான் அவளிடம் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டேன்.