வேட்டைநாயும் நால்வகை அச்சமும்

அச்சம் என்னும் மெய்ப்பாடு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினின்றும் பிறக்கும் என்பர் தொல்காப்பியர். பேய்க்கும் புலிக்கும் திருடர்க்கும் அஞ்சுதல் இயல்பே. குடிகளைக் காக்கும் இறையை இவற்றோடு ஒருங்கெண்ணியது என்னை என்று வகுப்பில் நாம் ஐயுற்றதுண்டு. அவ்வையத்தை அகற்றியது ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாடகமாம்.

அதன் மூலம் ஸர் ஆர்தர் கானன் டாயில் எழுதிய 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' என்னும் நாவல். அஃது 1901 ஆகஸ்டு முதல் 1902 ஏப்ரல் வரை 'ஸ்ட்ராண்ட்' என்னும் இலண்டன் சஞ்சிகையில் வெளிவந்தது. இங்கிலாந்தில் டெவன் பகுதியிலுள்ள டார்ட்மூர் என்னும் மேட்டுநிலமே கதை நிகழும் களம். பாறையும் சதுப்பும் மூடுபனியும் மலிந்தது. அங்கு வாழும் ஒரு குடும்பத்தைப் பேய்நாய் ஒன்று தலைமுறைதோறும் தொடர்கின்றது என்பது பழங்கதை. ஊரார் அதனை அணங்கென்று அஞ்சினர். ஷெர்லாக் ஹோம்ஸோ, அது பாஸ்பரஸ் பூசி ஒளிரச் செய்த நாயே என்றும், அதனை ஏவியவன் சொத்தினை விழைந்த உறவினனே என்றும் காட்டினார். அணங்கு விலங்காயிற்று, விலங்கின் பின்னே கள்வன் நின்றான். ஆக, அச்சத்தின் காரணங்களுள் மூன்று அந்நூலுள் அமைந்தன.

நான்காவதனைச் சேர்த்தது, 'ஷெர்லாக்' என்னும் தொடரில் 2012 ஜனவரி 8-ஆம் நாள் பி.பி.சி. ஒளிபரப்பிய தொலைக்காட்சி நாடகம். அதனை எழுதியவர் மார்க் கேட்டிஸ். இதில் பாஸ்கர்வில் என்பது குடும்பப் பெயரன்று; டார்ட்மூரில் வேலியிட்டுக் காக்கப்படும் இராணுவ ஆராய்ச்சி நிலையத்தின் பெயர். ஹென்றி நைட் என்னும் இளைஞன், இருபது ஆண்டுகட்கு முன் தன் தந்தையைப் பெருநாய் ஒன்று கொல்லக் கண்டதாகக் கூறி ஹோம்ஸை நாடுகின்றான். ஆராயுமிடத்து, கொன்றவன் அந்நிலையத்து விஞ்ஞானி ஒருவனே என்பது வெளிப்படுகின்றது. 'ஹவுண்ட்' என்பதும், அச்சத்தால் அறிவை மயக்கும் மருந்தினை ஆக்க முயன்ற ஓர் இரகசியத் திட்டத்தின் பெயரே. மூடுபனியோடு கலந்த அந்நச்சுப்புகையால், முகமூடி அணிந்த மனிதன் சிறுவனது உள்ளத்தில் விலங்காய்ப் பதிந்துவிட்டான். ஹோம்ஸும் அப்புகைக்கு ஆட்பட்டு, இல்லாத விலங்கைக் கண்டு நடுங்கித் தம் கண்ணையே ஐயுறுகின்றார்.

பழங்கதையின் சுவையை இம்மாற்றம் கெடுத்துவிட்டது என்பாரும் உளர். அவர் கூற்றுக்கு நாம் உடன்படோம். ஊரைக் காக்க அமைந்த நிலையம் தன் வாயிலைப் பூட்டிக்கொண்டு வினவுவோர்க்கு விடை மறுக்குமாயின், வேலிக்கு வெளியே வாழ்வோர் யாது செய்வர்? விடை கிடையாத இடத்தைக் கதையால் நிரப்புவர். அன்னாரைப் பேதையர் என்று இகழ்தல் எளிது. வாயிலைத் திறவாதாரை அன்றோ முதற்கண் வினவுதல் வேண்டும்? ஹென்றியும் பொய்யனல்லன். அவன் கண்டது பிழை, அஞ்சியது மெய்.

எனினும், நாடகத்தின்கண் நாம் பொறுக்கலாகாக் குறை ஒன்றுண்டு. தம் கருத்தைச் சோதித்தற்பொருட்டு, ஹோம்ஸ் தம் நண்பர் வாட்ஸனை அவரறியாமலே ஆய்வுக்கூடத்தில் அடைத்து, நாயின் உறுமலைக் கேட்பித்து அஞ்சுவிக்கின்றார். ஒருவர் இசைவின்றி அவரது அச்சத்தைக் கருவியாக்குதல் அவ்விஞ்ஞானி செய்த குற்றமேயன்றோ? அதனை நாடகம் நகைப்போடு கடந்து செல்கின்றது. உண்மை காணும் வேட்கை ஒன்றே செயலை நேரியதாக்கிவிடாது.

கற்றோராகிய நமக்கு இதனாற் பெறப்படுவது யாது? பேய் கண்டேன் என்று ஒருவன் நடுங்கி வருவானாயின், பேயில்லை என்று கூறி அனுப்பிவிடுதல் போதாது. அவன் எங்கு நின்றான், யாது கண்டான், அவனுக்கு விடை மறுத்தவர் யாவர் என்று பொறுமையோடு கேட்டல் வேண்டும். ஹென்றியின் சொல்லை நகைத்து ஒதுக்கியிருப்பின், அவன் தந்தையைக் கொன்றவன் என்றும் அகப்பட்டிரான்.