இந்தக் கிறிஸ்துமஸை முற்றத்துக்குக் கொண்டுபோவோம்

அன்பான ஊர் மக்களுக்கு,

வீட்டுக்கு வீடு ஸ்டார் ஏறிக்கொண்டிருக்கிறது. குடிலுக்குக் கேழ்வரகு முளைக்கப் போட்டாயிற்று. இந்த நேரத்தில்தான், டிசம்பர் 15ஆம் தேதி, தமிழ்நாட்டில் முதல் ஒமைக்ரான் வகைக் கொரோனா தொற்று உறுதியானது. அன்றிலிருந்து விழாக் குழுவினரை வழியில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி, இந்த வருஷம் கிறிஸ்துமஸ் உண்டா, இல்லையா என்பதுதான்.

கட்டாயம் உண்டு. மைதானத்தில் நடப்பதை இந்த முறை வீட்டு முற்றங்களுக்கு மாற்றியிருக்கிறோம். காரணத்தை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கேரல் பவனியைப் பற்றித்தான் நிறையப் பேருக்கு வருத்தம். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்கேஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு இரண்டரை மணி நேரம் கூடிப் பாடிப் பழகியது. வந்திருந்த 61 பேரில் 53 பேர் நோயில் விழுந்தார்கள். இருவர் இறந்தே போனார்கள். வாய்விட்டுப் பாடும்போது மூச்சோடு கிருமியும் நிறைய வெளியேறும். அடைத்த அறையில் அது போக இடமில்லாமல் நிற்கும். ஆகவே பாடகர்கள் இந்த வருஷம் எந்த வீட்டுக்குள்ளும் வரமாட்டார்கள். தெருவில் நின்று பாடுவார்கள், கிறிஸ்துமஸ் தாத்தாவும் அங்கேயே ஆடுவார். நீங்கள் வாசலில் நின்று கேளுங்கள். தயவுசெய்து உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுக்காதீர்கள். கூப்பிட்டால் மறுக்கத் தெரியாத வயது அந்தப் பிள்ளைகளுக்கு.

25ஆம் தேதி சாயங்காலம் வடம் இழுத்தல், வழுக்கு மரம், சங்கீத நாற்காலி எதுவும் கிடையாது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இன்னும் ஊசி வரவில்லை. அவர்களைத்தான் மைதானத்தில் நெருக்கி நிறுத்துகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆனால் விளையாட்டே வேண்டாம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடத்துக்கு ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் திரும்பியது இந்த நவம்பர் 1ஆம் தேதிதான். ஒன்றரை வருஷத்துக்கு மேல் அவர்கள் கையில் இருந்தது செல்போன் மட்டும். அதனால் அன்று மூன்று மணி முதல் ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் அந்தந்தக் குடும்பம் கூடி உட்கார வேண்டும் என்று கேட்கிறோம். பல்லாங்குழி, தாயம், சொட்டாங்கல், பாண்டி, எது முடிகிறதோ அது. பதினாலு குழியில் புளியங்கொட்டையைப் போட்டு எண்ணுகிற பாட்டியிடம் பேரப்பிள்ளை ஒரு தடவை தோற்கட்டும். மறுநாள் அவனே பலகையை எடுத்துக்கொண்டு வருவான். அப்பாமார்களும் உட்கார வேண்டும். அன்றைக்காவது அம்மாமார்களை அடுப்படியில் தனியாக விட்டுவிடாதீர்கள். முந்திரிக்கொத்தை முந்தின நாளே எல்லாருமாகச் சேர்ந்து பொரித்து வைத்துவிடலாம்.

இனிச் சொல்வதுதான் எங்கள் மனதில் மிகவும் கனக்கிறது. மே மாதம் மாநிலத்தில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று வந்த அந்த வாரங்களில் நம் ஊரும் ஆட்களை இழந்தது. முகம்கூடப் பார்க்க முடியாமல் அவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். அந்த வீடுகளில் இந்த வருஷம் ஸ்டார் ஏறாது, பலகாரம் சுடமாட்டார்கள். துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் பலகாரம் கொண்டுபோவதுதான் நம் வழக்கம். ஆனால் கொரோனா வந்த வீடு என்று இன்னமும் ஒதுங்கிப் போகிறவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் தாக்கியதே, அதே பயம்தான் இது. இறந்து மாதங்கள் ஆன பிறகு அந்த வீட்டிலிருந்து யாருக்கும் எதுவும் தொற்றாது. போங்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளை உங்கள் முற்றத்து ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் கொடுக்க உச்ச நீதிமன்றம் அக்டோபரில் ஒப்புதல் தந்திருக்கிறது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளை பெயரில் மாநில அரசு 5 லட்சம் வைப்பு வைக்கிறது. இரண்டுக்கும் சான்றிதழ் வேண்டும், மனு எழுத வேண்டும். வீட்டில் படித்தவர்கள் இருந்தால் பக்கத்து வீட்டுக்காக ஒரு நாள் ஒதுக்குங்கள். பேண்டு செட்டுக்கும் சீரியல் பல்புக்கும் பிரித்த பணத்தை இந்த வருஷம் அந்தக் குடும்பங்களுக்கே கொடுக்கிறோம்.

வெளிநாட்டிலிருந்து திருவனந்தபுரம் வழியாக வருகிறவர்கள், ஆபத்துப் பட்டியலில் உள்ள நாடுகளிலிருந்து வந்திருந்தால், ஏழு நாள் வீட்டிலேயே தனியாக இருந்து எட்டாம் நாள் பரிசோதனை செய்ய வேண்டும். வருஷக்கணக்கில் பிள்ளை முகம் பார்க்காமல் உழைத்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். அந்த வீட்டைக் காட்டிப் பேசாதீர்கள். சாமான் வாங்கிக் கொடுத்து உதவுங்கள்.

கோவிஷீல்டு போட்டு 84 நாளோ கோவாக்சின் போட்டு 28 நாளோ கடந்தவர்கள் இரண்டாவது ஊசியைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே போட்டுவிடுங்கள். காய்ச்சல், தொண்டை வலி இருந்தால் நள்ளிரவுப் பூசைக்கு வராதீர்கள். வரவில்லையே என்று யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

மனு எழுத உதவி வேண்டுபவர்களும், நடக்க முடியாத முதியவர்களை ஊசிக்குக் கூட்டிப்போக ஆட்டோ வேண்டுபவர்களும் 21ஆம் தேதிக்குள் குழுவில் யாரிடமாவது சொல்லுங்கள். பரணில் பழைய பல்லாங்குழிப் பலகை வைத்திருப்பவர்கள் துடைத்து எடுத்து வையுங்கள். இல்லாத வீடுகளுக்கு இரவல் கேட்டு இளைஞர்கள் 23ஆம் தேதி வருவார்கள்.

இப்படிக்கு,
ஊர்க் கிறிஸ்துமஸ் விழாக் குழுவினர்
டிசம்பர் 2021