காசு நம்மளுது, சாவி அவங்களுது!

கடையில வாங்கின பல்லாங்குழியை, கடைக்காரரே பல வருஷம் கழிச்சு வந்து தூக்கிட்டுப் போனா சும்மா விடுவோமா? பிரான்சின் 'யூபிசாஃப்ட்' நிறுவனம் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. 2014-ல் வெளியிட்ட 'தி க்ரூ' கார் பந்தய வீடியோ கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்திவிட்டது. தனியாக ஆடவும் சர்வர் வேண்டும் என்பதால், டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். கேட்டால், வாங்கியது விளையாட்டை அல்ல, விளையாடும் அனுமதியை மட்டும்தானாம்! இதை வாங்கும்போதே தெளிவாகச் சொல்லவேண்டும் என்று அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டம் வந்திருக்கிறது. பிள்ளைகள் 'கேம் வாங்கித் தா' என்று நச்சரிக்கும்போது, 'இது சொந்தமா, வாடகையா?' என்று ஒரு வார்த்தை கேளுங்க தோழிகளே!

— ஒரு இல்லத்தரசி