அட்வான்ஸ் வாங்கறீங்க, மூச்சுக்கு யார் பொறுப்பு?



சேலையூர்லயோ சிட்லபாக்கத்துலயோ வாடகைக்கு வீடு தேடிப் பாருங்க. "பேச்சுலரா? நான்-வெஜ் சமைப்பீங்களா?" இதுதான் முதல் கேள்வி. சுத்தி வளைச்சு சாதியும் கேட்பாங்க சிலர். ஆனா கீழ் வீட்டு சிகரெட் புகை உங்க பாத்ரூம் ஜன்னல் வழியா உள்ள வரும்னு எந்த ஓனராவது சொல்லியிருக்காரா? மீன் குழம்பு வாசத்துக்குத் தடை. புற்றுநோய் தரும் புகைக்குத் தடை இல்லை!

"என் வீட்டுக்குள்ள நான் பிடிக்கிறேன், உனக்கென்ன?" என்பவர்கள் தங்கள் ஃபிளாட்டின் டக்ட்டை ஒரு தடவை எட்டிப் பார்க்கட்டும். மேலிருந்து கீழ் வரை எல்லா வீட்டு பாத்ரூம் ஜன்னலும் அந்த ஒரே சந்துக்குள்ளதான் திறக்குது. தரைத்தளத்துல பத்த வச்சா மூணாவது மாடிக் குழந்தை இருமுது. அப்புறம் எங்கே இருக்கு "என் வீடு"?

2003-ல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் ஆஸ்பத்திரி, ஓட்டல், ஆபீஸ், தியேட்டர்னு பொது இடங்கள்ல புகைக்கத் தடை. மீறினா 200 ரூபாய் வரை அபராதம். அந்தப் பட்டியலில் அடுக்குமாடிக் குடியிருப்பு என்ற பெயரே இல்லை. மெப்ஸ்ல ஷிஃப்ட் முடிச்சு வர்ற பெண்ணுக்கு வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு உண்டு, தூங்கும் இடத்தில் கிடையாது. 2016-17 தேசியக் கணக்கெடுப்புப்படி நாட்டில் வயது வந்தோரில் 38.7 சதவீதம் பேர் வீட்டிலேயே பிறர் விடும் புகையைச் சுவாசிக்கிறார்கள்.

இது எந்த ஊர்னு நினைச்சுப் பாருங்க. காசநோயாளிகளுக்காக 1928-ல் டாக்டர் சௌரி முத்து சானடோரியம் தொடங்கிய ஊர். ரயில்வே ஸ்டேஷன் பெயரே சாட்சி!

அமெரிக்காவில் அரசு வாடகைக் குடியிருப்புகளில் 2018 ஜூலை இறுதியிலிருந்து வீட்டுக்குள்ளும், கட்டடத்தைச் சுற்றி 25 அடிக்குள்ளும் புகைக்க முடியாது. இங்கே அதற்கு வழி ஏற்கெனவே இருக்கு. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், பதிவும் செய்யணும். அதில் ஒரு வரி சேர்க்க என்ன தயக்கம்?

"இதைச் சாக்கா வச்சு ஓனர் வெளியேத்திடுவாரே, அட்வான்ஸைப் பிடிச்சுப்பாரே" என்று வாடகைதாரர்கள் கேட்பது நியாயம். அட்வான்ஸைத் திரும்ப வாங்க நாயாய் அலைஞ்சவங்களுக்குத்தான் அந்தப் பயம் புரியும். அதனாலதான் சொல்றோம்: விதி ஓனருக்கும், அவர் மகனுக்கும், வாட்ச்மேனுக்கும் ஒன்றே. மீறினால் அபராதம் மட்டும், அதுவும் அசோசியேஷன் கணக்குக்கு. வீட்டைக் காலி செய்யச் சொல்லவோ அட்வான்ஸில் கழிக்கவோ கூடாது என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்கணும். புகைப்பவருக்குக் கட்டடத்தை விட்டுத் தள்ளி ஓர் இடம் ஒதுக்குங்க. அவர் எதிரி இல்லை, நம்ம அண்ணன் தம்பிதான்.

தாம்பரம் மாநகராட்சி படிக்கட்டு, லிஃப்ட், பார்க்கிங்கில் அறிவிப்புப் பலகையைக் கட்டாயமாக்கட்டும். வாரியக் குடியிருப்பில் மட்டும் போர்டு மாட்டிட்டு, கேட்டட் கம்யூனிட்டியைக் கண்டுக்காம விடுற கதை வேண்டாம்.

இந்த மாத அசோசியேஷன் கூட்டத்தில் இதை முதல் பொருளா வையுங்க, வாடகைக்கு இருக்கிறவங்களையும் பேச விடுங்க. தீர்மான நகலை உங்க வட்டச் செயலாளரிடம் கொடுங்க. எல்லாத்தையும் சேர்த்து ஆணையரிடம் நேரில் தர்றோம்.

#புகையில்லாக்_குடியிருப்பு #தாம்பரம்