கோச்சை மாத்தினால் கோல் விழுமா?



நம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல் என்று எல்லா டிபார்ட்மெண்டும் ஒற்றுமையாக நிற்பது இரண்டே இரண்டு விஷயத்தில்தான். ஒன்று, பரீட்சையைத் தள்ளிப் போடச் சொல்வது. இன்னொன்று, சென்னையின் எஃப்.சி. தோற்றுப்போன மறுநாள் அதன் கோச்சைத் திட்டுவது! "ஆளை மாத்துடா, எல்லாம் சரியாயிடும்" என்று மெஸ்ஸில் தட்டைத் தட்டிச் சொல்லாத ஆளே கிடையாது. அப்படிச் சொல்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் இக்கட்டுரை. மாத்தித்தான் பார்த்தாகிவிட்டதே, என்ன சரியாயிற்று?

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியதிலிருந்து இந்த அணிக்கு நிரந்தரக் கோச்சாக வந்தவர்களைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். முதலில் இத்தாலியின் மார்கோ மெட்டராசி. 2006 உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடியவர். அடுத்து, இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லாவைப் பயிற்றுவித்த ஜான் கிரிகோரி. பின் பர்ன்லி அணியைப் பிரீமியர் லீக்கிற்கு ஏற்றிய ஓவன் காயில். அவருக்குப் பின் சாபா லாஸ்லோ, போசிடார் பந்தோவிச், ஜெர்மனியின் தாமஸ் பிர்தாரிச். 2023-இல் மறுபடியும் காயில். 2025-இல் கோவாவைச் சேர்ந்த நம் நாட்டுக்காரர் கிளிஃபோர்ட் மிராண்டா. இடையில் தற்காலிகமாகப் பொறுப்பேற்ற சையது சாபிர் பாஷா தனி. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் இத்தனை பேர்! நம் ஹாஸ்டலில் சமையல்காரர்கூட இத்தனை தடவை மாறவில்லை.

இதில் 2020-21-க்கு லாஸ்லோ, 2021-22-க்கு பந்தோவிச், 2022-23-க்கு பிர்தாரிச். வருடத்துக்கு ஒரு கோச். அணி வந்த இடம்? எட்டு, எட்டு, எட்டு! மூன்று கோச், ஒரே எட்டாம் இடம். மூன்று மெக்கானிக் பார்த்தும் ஒரே சத்தம் வருகிறது என்றால் கோளாறு மெக்கானிக்கிடமா, வண்டியிலா?

ஒரே ஆள், இரண்டு ரிசல்ட்

"நல்ல கோச் வந்தால் கப், மோசமான கோச் வந்தால் அவுட்" என்கிறார்கள். அப்படியானால் இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

2015-இல் மெட்டராசியின் அணி ஒரு கட்டத்தில் அட்டவணையின் அடியில் கிடந்தது. பிறகு கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று மேலே வந்தது. அந்த டிசம்பரில் சென்னையே வெள்ளத்தில் தவித்ததால் நம் சொந்த மண்ணில் நடக்கவேண்டிய அரையிறுதியைப் பூனேயில் ஆடினார்கள். ஆடி, கொல்கத்தாவை 3-0 என வென்றார்கள். கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் 87-ஆவது நிமிடத்தில் 1-2 எனப் பின்தங்கி, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்து 3-2 என்று கோப்பையைத் தூக்கினார்கள். அந்த வெற்றிக் கோலை அடித்த ஸ்டீவன் மெண்டோசா அந்த சீசனில் மட்டும் 13 கோல். அடுத்த வருடம்? அதே மெட்டராசி. ஆனால் மெண்டோசா இல்லை, எலானோவும் இல்லை. ஏழாம் இடம்.

ஜான் கிரிகோரியைப் பாருங்கள். 2018 மார்ச் 17-இல் பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3-2 என வென்று சாம்பியன். சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் போட்டும் நம்மவர்கள் கலங்கவில்லை. ஸ்டாப்பர் பேக் மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு தடவை தலையால் முட்டிக் கோல் போட்டார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டார். அடுத்த சீசன், அதே கிரிகோரி, ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்கள். 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம்! என்ன குறைந்தது? கேப்டனாக இருந்து தற்காப்பைக் கட்டிக் காத்த செரேனோ போய்விட்டார். நடுவில் ஓடி ஓடிப் பந்தைப் பறித்துத் தந்த தனபால் கணேஷ் முழங்கால் காயத்தில் படுத்துவிட்டார். இரண்டு போல்ட் கழன்றது, மொத்த மெஷினும் ஆட ஆரம்பித்தது.

இப்போது காயில். 2019-20-இல் கிரிகோரி ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றியோடு விலகிய பிறகு வந்தார். கிரிவெல்லாரோவுக்கு நடுவில் சுதந்திரம் கொடுத்தார். வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். ஓரத்தில் சாங்தே பறந்தார். கீழே கிடந்த அணி நான்காம் இடத்துக்கு வந்து, அரையிறுதியில் கோவாவை மொத்தக் கணக்கில் 6-5 என வீழ்த்தி, இறுதிக்கே போய்விட்டது. கொரோனாவால் பார்வையாளரே இல்லாத மைதானத்தில் ஏ.டி.கே.யிடம் 1-3 எனத் தோற்றது வேறு கதை. ஆக, கோச்சால் எதுவுமே ஆகாது என்று நான் வாதாட வரவில்லை. இருக்கிற சரக்கை வெளியே கொண்டுவர நல்ல கோச்சால் முடியும். இல்லாத சரக்கை உண்டாக்க எந்தக் கோச்சாலும் முடியாது. அதே காயில்தான் 2024-25-இல் 13 அணிகளில் 11-ஆம் இடத்தோடு முடித்தார். இடைப்பட்ட காலத்தில், 2021-22-இல், ஜாம்ஷெட்பூர் அணிக்கு லீக் ஷீல்டை வென்று கொடுத்தவரும் அவரே. ஆள் அவரேதான். கையில் இருந்த ஆட்டக்காரர்கள்தான் வேறு.

நம் ஒர்க்ஷாப்பில் லேத்தில் டர்னிங் போடும்போது டேப்பர் விழுந்தால், டூலை மாத்தி மாத்திப் போட்டுக்கொண்டிருக்கிறவனை இன்ஸ்ட்ரக்டர் என்ன சொல்வார்? "டேய், முதல்ல டெயில்ஸ்டாக் அலைன்மெண்டைப் பாருடா" என்பார். சென்னையின் அணியிலும் பார்க்கவேண்டியது அதைத்தான்.

நாம் விட்டவர்கள் எங்கே?

என் கருத்து இதுதான். இந்த அணி விழுவது கோச்சால் அல்ல, உயர்ந்த கையோடு முதுகெலும்பை இழந்துவிட்டு, அதற்கு மாற்று வைக்காமல் போவதால். 2015-க்குப் பின் அதே கதை, 2018-க்குப் பின் அதே கதை. 2020-க்குப் பின் வால்ஸ்கிஸும் காயிலும் சேர்ந்தே ஜாம்ஷெட்பூர் போனார்கள். பாதி சீசனில் கிரிவெல்லாரோவும் காயத்தில் விழ, பாவம் லாஸ்லோ என்ன செய்வார்? 20 ஆட்டத்தில் 11 டிரா! பந்து நம்மிடம் இருக்கும், பாஸ் போகும், கோல் மட்டும் விழாது. திட்டு மட்டும் அவருக்கு விழும்.

நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். சாங்தே கோல் வாய்ப்பைத் தவறவிட்டபோது "இவனை எதுக்குப்பா வச்சிருக்காங்க" என்று கேலரியில் எத்தனை குரல் எழுந்தது! 2022 ஜனவரியில் அவர் மும்பை போனார். கோல்கீப்பர் விஷால் கெயித்தும் அதே வருடம் கொல்கத்தா போனார். 2022-23 சீசன் முடிந்து பரிசு கொடுத்தபோது சிறந்த ஆட்டக்காரருக்கான கோல்டன் பால் யாருக்கு? சாங்தேவுக்கு. சிறந்த கோல்கீப்பருக்கான கோல்டன் குளோவ்? விஷால் கெயித்துக்கு. அந்த வருடம் நாம்? எட்டு! நம் வீட்டுத் தோட்டத்தில் நட்டு, காய்க்கும் நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் போன மரங்கள் இவை.

முதல் செமஸ்டரில் மூன்று அரியர் வைத்தவன் கடைசி செமஸ்டரில் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்குவதை நாமே பார்க்கிறோம் இல்லையா? அவனை முதல் வருடத்திலேயே டி.சி. கொடுத்து அனுப்பியிருந்தால்? நமக்கு ஒரு நியாயம், சாங்தேக்கு ஒரு நியாயமா?

இங்கே என் ரூம்மேட் ஒரு கேள்வி கேட்பான்: "மச்சான், ஆளை எடுக்கிறதே கோச்தானேடா, அப்ப தப்பு அவர் மேலதானே?" நியாயமான கேள்வி. ஆனால் ஒரு வருடம் மட்டும் இருக்கப்போகிற கோச் எப்படி ஆள் எடுப்பார்? இந்த வருடமே பலன் தரும் ஆளைத்தான் எடுப்பார். மூன்று வருடம் கழித்துத் தயாராகும் பத்தொன்பது வயதுப் பையனை அவர் எதற்கு ஆடவைப்பார்? அவன் தயாராகும்போது இவர் இங்கே இருக்கமாட்டாரே! 2022-23-இல் எல் கயாத்தி வந்தார். காலில் மந்திரம் வைத்திருந்தார். 9 கோல் அடித்தார். சீசன் முடிந்தது, போய்விட்டார். 2016-லிருந்து நம்மோடு வளர்ந்த அனிருத் தாபாவும் 2023-இல் மோகன் பகான் போனார். கோச்சை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லிக் கத்துகிற நாமும்தான் இந்த அவசரத்துக்குக் காரணம்.

பெரிய சம்பளம் கொடுக்கும் கிளப் கூப்பிட்டால் ஆட்டக்காரன் போகத்தான் செய்வான். அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். கேம்பஸ் இண்டர்வியூவில் இரண்டு கம்பெனி கூப்பிட்டால் நாம் எதற்குப் போவோம்? ஆனால் போகிறவன் இடத்தில் நிற்க இன்னொருவன் உள்ளே தயாராக இருக்கவேண்டாமா? அந்த இன்னொருவன் எங்கே கிடைப்பான்?

வியாசர்பாடி தூரமா?

2018 அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். நம் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். எதிரே கோவா. 3-0 என வென்றோம். ஜேஜே இரண்டு, நடுவில் ஒன்று தனபால் கணேஷ். வியாசர்பாடிப் பையன்! மிசோரத்திலிருந்து வந்த ஜேஜேயும் நமக்குச் சொந்தக்காரர்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பெரியமேட்டுக்கும் வியாசர்பாடிக்கும் இடையில் எவ்வளவு தூரம்? அந்தத் தூரத்திலிருந்து ஒருவர் வந்து சாம்பியன் அணியின் நடுவே நின்றார் என்பது சின்ன விஷயமா?

சென்னை சிட்டி அணி 2018-19-இல் கோவையைச் சொந்த மைதானமாக வைத்து ஐ-லீக் சாம்பியன் ஆனது. அதில் ஆடிய எட்வின் வன்ஸ்பால் பிறகு சென்னையினுக்கு வந்து, எந்த இடத்தில் நிற்கச் சொன்னாலும் நின்று ஆடினார். நல்லது. ஆனால் மற்றவர்கள்? கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், 2020 இறுதியில் நம்மைத் தோற்கடித்த ஏ.டி.கே. அணியில் இருந்தார். காரைக்குடிப் பக்கம் கண்டனூர்க்காரர் சிவசக்தி பெங்களூருவுக்குக் கோல் அடித்தார். சென்னைப் பையன் நந்தகுமார் 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக வெற்றிக் கோல் போட்டார். கொல்கத்தாவே அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது. நம் ஊர்ப் பையன் அடித்த கோலுக்கு இன்னொரு ஊர் பட்டாசு வெடிக்கிறது. நாம் டி.வி.யில் பார்த்துவிட்டு, "நம்ம கோச் சரியில்லப்பா" என்கிறோம்!

தமிழன் என்பதற்காக ஒருவனை உள்ளே விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. திறமை இல்லாதவனை ஊர்ப்பாசத்துக்காக ஆடவைத்தால் அவனுக்கும் நல்லதல்ல, அணிக்கும் நல்லதல்ல. நான் கேட்பது வேறு. ஒரு பையனைப் பதினெட்டு வயதில் எடு. ஒரு தப்பு செய்தால் மூன்று ஆட்டம் பெஞ்சில் உட்கார வைக்காதே. மூன்று சீசன் பொறுத்திரு. எட்டு மணி எலெக்ட்ரிக் டிரெயினில் வீட்டுக்குப் போகிறவன் வெளிநாட்டு ஆட்டக்காரனைப் போல மே மாதம் விமானம் ஏற மாட்டான். அவன் இருந்தால் அவன் தெருவே கேலரிக்கு வரும். காலி நாற்காலிகளைப் பார்த்து ஆடுகிற அணிக்கு அதைவிடப் பெரிய பலம் எது?

ஆகவே நண்பர்களே, என் தாழ்மையான வேண்டுகோள்கள் மூன்று. கோச் யாராக இருந்தாலும் அவருக்கு இரண்டு முழு சீசனாவது கொடுக்கச் சொல்வோம். ஸ்டாப்பர், நடுக்களம், கோல் அடிப்பவர் என்கிற மூன்று இடத்திலும் ஆள் போவதற்கு முன்பே அடுத்த ஆளைத் தயார் செய்யச் சொல்வோம். அந்த அடுத்த ஆளை வியாசர்பாடியிலும் கண்டனூரிலும் கடற்கரைக் கிராமங்களிலும் தேடச் சொல்வோம்.

நாமும் கொஞ்சம் மாறுவோம். வாய்ப்பைத் தவறவிட்ட பத்தொன்பது வயதுப் பையனைப் பெயர் சொல்லித் திட்டுவதற்கு முன், அவனும் நம் வயதுக்காரன்தான், அவனுக்கும் இது முதல் செமஸ்டர்தான் என்று ஒரு நிமிடம் நினைப்போம். தோற்கும் நாளிலும் கேலரியில் இருப்போம். இரண்டு முறை கோப்பையைத் தூக்கிய அணி இது. மூன்றாவது முறை தூக்கும்போது அந்தக் கையில் ஒன்றாவது நம் தெருக் கையாக இருக்கட்டும்!

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை