ஒட்டு விட்டது கண்ணுக்குத் தெரியாது

1988 ஏப்ரல் 28. ஹவாய்த் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹொனலுலுவுக்குப் போய்க்கொண்டிருந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானத்தின் முன்பக்கக் கூரை, 24,000 அடி உயரத்தில் சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு உயிரிழந்தார். கூரையில்லாத விமானத்தை விமானிகள் மவுயி தீவில் இறக்கியதால் மற்ற 94 பேரும் பிழைத்தார்கள். அந்த விமானிகளின் திறமையைப் பற்றிப் படமே எடுத்தார்கள். கூரை பிய்ந்ததற்கான காரணம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. பேசப்பட வேண்டியது அதுதான்.

விமானத்தின் உடல் அலுமினியத் தகடுகளால் ஆனது. ஒரு தகட்டின் விளிம்பு அடுத்த தகட்டின் மேல் ஏறி நிற்கும். ஆரம்பகால 737 விமானங்களில் அந்த இடத்தில் எபாக்சிப் பசை ஊறிய துணியை வைத்து, சூடேற்றாமலே ஒட்டி, மூன்று வரிசை ரிவெட்டுகளையும் அடித்தார்கள். பாரத்தைப் பசைதான் தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால், சில இடங்களில் பசை சரியாகப் பிடிக்கவே இல்லை. பிடித்த இடங்களிலும் கடற்காற்றின் ஈரம் புகுந்து, உலோகத்தை அரித்து, தகடுகளை விலக்கியது. பசை கைவிட்ட பாரம் ரிவெட்டுகளின் மேல் விழுந்தது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தத் தகட்டில், ரிவெட்டின் தலை அமிழ்வதற்காகக் குடைந்த துளையின் ஓரம் கத்திமுனைபோல மெலிந்திருந்தது. விரிசல் தொடங்க அது போதும். துளைக்குத் துளை தொடங்கிய சிறு விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்த நாளில் கூரை போனது.

இதில் எதுவும் முன்கூட்டித் தெரியாத ரகசியமல்ல. இந்த ஒட்டு முறையில் கோளாறு இருப்பது போயிங்குக்கு 1970 வாக்கிலேயே தெரியும். தொழிற்சாலையில் முறையை மாற்றிக்கொண்டது. ஏற்கெனவே விற்ற விமானங்களைப் பரிசோதிக்கச் சொல்லிச் சுற்றறிக்கையும் அனுப்பியது. 1987 ஆகஸ்டில் அந்தச் சுற்றறிக்கையை எச்சரிக்கையாகவே உயர்த்தி, இத்தகைய எல்லா மூட்டுகளையும் பார்க்கச் சொன்னது. அதைக் கட்டாயமாக்கி ஆணை பிறப்பித்த அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. என்ன செய்தது? மேற்புறத்தில் இடமும் வலமுமாக உள்ள ஒரு ஜோடி மூட்டுகளை மட்டும் பார்த்தால் போதும் என்று சுருக்கிவிட்டது. அலோஹா அந்த ஜோடியைப் பார்த்தது. விரிசல் கண்ட இடத்தைச் சரியும் செய்தது. விட்டுப்போனது அதற்குக் கீழே, இடப்புறம் இருந்த மூட்டு. அமெரிக்க விசாரணை வாரியம் முதல் குற்றவாளியாக அலோஹாவின் பராமரிப்பைச் சொன்னாலும், ஆணை சுருக்கப்பட்டதையும் ஒரு காரணமாகத் தன் அறிக்கையில் பதிந்தது.

கணக்கிலும் ஒரு கோளாறு. அந்த விமானம் பறந்தது 35,496 மணி நேரம். ஏறி இறங்கியது 89,680 முறை. 75,000 முறைக்கு என்று வடிவமைக்கப்பட்டது அது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் உள்ளே காற்றழுத்தம் ஏறி உடல் விம்முகிறது, இறங்கும்போது தளர்கிறது. ஒட்டையும் ரிவெட்டையும் தேய்ப்பது அதுதான், மணிக்கணக்கு அல்ல. தீவுக்குத் தீவு அரைமணிப் பயணம் போகும் விமானத்துக்குப் பெரும் பராமரிப்பை மணிக்கணக்கில் வகுத்தால், சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கும். விமானம் மட்டும் கிழமாகிவிட்டிருக்கும்.

அது பழைய அலுமினிய காலத்துக் கதை, இப்போது கார்பன் இழை வந்துவிட்டது என்று சொல்வோர் உண்டு. 2005 மார்ச் 6 அன்று கியூபாவின் வரதெரோவிலிருந்து கிளம்பிய ஏர் டிரான்சாட் ஏர்பஸ் ஏ310 விமானத்தின் வால் சுக்கான் நடுவானில் பிய்ந்து விழுந்தது. கார்பன் இழைத் தோலுக்கு நடுவே தேன்கூட்டுப் பொருளை வைத்து ஒட்டிய சுக்கான் அது. கிளம்பும் முன்பே உள்ளே ஒட்டு விட்டிருக்க வேண்டும் அல்லது கூட்டில் பிளவு இருந்திருக்க வேண்டும் என்றது கனடா விசாரணை. தயாரிப்பாளர் வகுத்த ஆய்வுத் திட்டம் போதாது என்றும் சொன்னது. அந்தத் திட்டம் வெறும் கண்பார்வையையும், சந்தையில் பானை வாங்குவதுபோலத் தட்டிச் சத்தம் கேட்பதையும் நம்பியது. அதே ஆண்டு நவம்பரில் ஃபெட்எக்ஸின் ஏ300 விமானச் சுக்கான் ஒன்று பராமரிப்பின்போது சேதமானதால் ஆய்வுக்குப் போனது. ஹைட்ராலிக் எண்ணெய் ஊறி உட்பக்கத் தோல் கூட்டிலிருந்து விலகிக் கிடந்தது. வெளியிலிருந்து தட்டினால் உட்பக்க விலகல் தெரியாது என்பதும் அப்போது புரிந்தது. சுக்கான் அடிபடாமல் இருந்திருந்தால்?

ஒட்டு முறையையே குறை சொல்லவில்லை. ஒட்டினால் துளை வேண்டாம், எடை குறையும், பாரம் பரவும். ஃபாக்கர் எஃப்27 விமானங்களில் நன்றாகத் தயார்செய்த பரப்பில் ஒட்டிய மூட்டுகள் பல பத்தாண்டுகள் உழைத்தன. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒட்டில் இடைவெளி விழுந்தால் மீயொலி காட்டிக்கொடுக்கும். தொட்டுக்கொண்டே இருந்தும் பிடிப்பில்லாத ஒட்டை, உடைத்துப் பார்க்காமல் உறுதியாகக் கண்டுபிடிக்கும் கருவி இன்றுவரை இல்லை. அதனால்தான் முக்கிய மூட்டுகளுக்கு எஃப்.ஏ.ஏ. வழிகாட்டுதல் மூன்று வழி தருகிறது: ஒட்டு விட்டாலும் பரவாமல் தடுக்கும் அமைப்பு, ஒவ்வொரு பாகத்தையும் பாரமேற்றிச் சோதிப்பது, ஒட்டின் வலிமையை நிச்சயமாகச் சொல்லும் ஆய்வு. மூன்றாவது வழி காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. ஏர் இந்தியா 2012 முதல் ஓட்டும் 787 விமானத்தின் எடையில் பாதி கார்பன் இழை போன்ற கூட்டுப்பொருள்தான். சென்னை–தூத்துக்குடி போன்ற குறுந்தடங்களில் பறக்கும் ஏ.டி.ஆர்.72 விமானத்தில் வெளி இறக்கைப் பெட்டியே கார்பன் இழை. வடிவமைத்த நாடு பிறப்பிக்கும் ஆணையைத்தான் நம் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ இங்கே கட்டாயமாக்குகிறது. அங்கே சுருக்கினால் இங்கேயும் சுருங்கும்.

முழுப் பரிசோதனைக்கு விமானத்தை நாள்கணக்கில் நிறுத்த வேண்டும், அதனால் கட்டணம் ஏறும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. ஏறட்டும். நள்ளிரவில் விளக்கு வெளிச்சத்தில் ரிவெட் ரிவெட்டாகப் பார்த்து, விடியும் முன் விமானத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தொழிலாளியின் கண்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றுவது நியாயமே இல்லை. அலோஹாவில் ஏறும்போது ஒரு பயணி விமானத்தின் உடலில் விரிசலைப் பார்த்தார், யாரிடமும் சொல்லவில்லை. அவர்மேல் கோபப்பட முடியாது. பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர்களுக்கே அது தப்பியிருந்தது.

தயாரிப்பாளர் எல்லா மூட்டுகளையும் பார்க்கச் சொல்லும்போது ஒழுங்குமுறை அமைப்பு அதைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். குறுந்தடத்தில் ஓடும் விமானங்களுக்கு ஏறி இறங்கும் எண்ணிக்கையை வைத்தே பராமரிப்பை வகுக்க வேண்டும். தட்டிப் பார்ப்பதை மட்டும் நம்பி எந்த முக்கியப் பாகத்துக்கும் சான்று தரக் கூடாது. வெளிநாட்டு ஆணை வரட்டும் என்று காத்திராமல் டிஜிசிஏ இவற்றைத் தானே விதியாக்க வேண்டும்.