‘பாலினம்: பெ’ என்று எழுதிய பிறகு

எங்கள் புறநோயாளிப் பிரிவில் பயிற்சிக்கு வந்திருந்த இளம் பிசியோ ஒருவர் ஒரு நாள் மதியம் கேட்டார்: “சார், ஏ.சி.எல். பொண்ணுங்களுக்குத்தான் அதிகமா கிழியும்னு புக்ல இருக்கு. இங்க வர்றது பூரா பசங்கதானே?”

இரண்டுமே உண்மை. ஏ.சி.எல். என்ற முன் சிலுவை ஜவ்வு கிழிந்து நம் மேசைக்கு வரும் முட்டிகளில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. பைக் சறுக்கியவர், டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் சட்டென்று திரும்பியவர், ஊர்க் கபடியில் பிடிபட்டவர் என்று வரிசை நீளும். மைதானத்திலும் சாலையிலும் ஆண்கள்தான் அதிகம் என்பதால் ஆண்களின் முட்டிதான் அதிகம் வருகிறது. ஆடிய நேரத்தால் வகுத்துப் பார்த்தால் கணக்கு தலைகீழாகும். 1995இல் ஆரெண்ட், டிக் என்ற இருவரும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுப் பதிவுகளை வைத்து அப்படித்தான் வகுத்தார்கள். கால்பந்தில் ஆயிரம் முறை களமிறங்கினால் பெண்களுக்கு 0.31 கிழிவு, ஆண்களுக்கு 0.13. கூடைப்பந்தில் 0.29, 0.07. ‘இரண்டு மடங்கு, நான்கு மடங்கு’ என்று நாம் கருத்தரங்குகளில் சொல்லிவரும் பேச்சுக்கு வேர் இதுதான். பிறகு வந்த ஆய்வுகளில் விளையாட்டுக்கு விளையாட்டு விகிதம் மாறியது, வித்தியாசம் மறையவில்லை.

ஆனால் அந்த வகுத்தலில் ஒரு சிக்கல் உண்டு. ‘களமிறங்கல்’ என்ற கணக்கில் பயிற்சியும் ஒன்று, போட்டியும் ஒன்று. ஜவ்வு கிழிவதோ பயிற்சியைவிடப் போட்டியில்தான் பல மடங்கு அதிகம். பெரிய அணி, நிறைய பயிற்சி நாள், உட்கார வைக்க மாற்று ஆட்டக்காரர்கள் என்று வசதியாக இருக்கும் ஆண்கள் அணியில் வகுக்கும் எண் பெருத்துவிடும். பதினான்கு பேரை வைத்துக்கொண்டு ஓட்டும் பெண்கள் அணியில் பயிற்சி குறைவு. இருப்பவர்களே முழு ஆட்டமும் ஓட வேண்டும். அந்த ‘மடங்கு’க்குள் உடற்கூறு எவ்வளவு, அணியின் ஏழ்மை எவ்வளவு என்று பிரித்துத் தராத எண்ணை நாம் உடற்கூறின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். 2021இல் பார்சன்ஸ், கோயன், பெக்கர் மூவரும் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் கிளப்பியதும் இதே குடும்பத்துக் கேள்விதான்: பெண் பிள்ளை வளரும் வீடு, பள்ளி, உடற்பயிற்சிக்கூடம், மைதானம் எல்லாம் அவள் முட்டிக்குள் வந்து சேராதா?

உடற்கூறைத் தள்ளிவிட வேண்டும் என்பதல்ல. பெண்களின் ஏ.சி.எல். சராசரியில் சிறியது, தொடை எலும்பின் பள்ளம் குறுகலாக இருக்கலாம், மூட்டுத் தளர்ச்சி சற்றுக் கூடுதல். இவற்றில் எதையும் நம் கையால் மாற்ற முடியாது. க்யூ கோணத்தைக் கரும்பலகையில் வரையாத ஆசிரியர் நம் கல்லூரிகளில் இல்லை. நிற்க வைத்து அளந்த அந்தக் கோணம் யார் முட்டி கிழியும் என்று நம்பகமாக முன்கூட்டிச் சொன்னதில்லை. ஹார்மோன் விஷயமும் அப்படித்தான். ஏ.சி.எல். ஜவ்வில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருப்பது 1996இலேயே தெரிந்துவிட்டது. கருமுட்டை வெளிப்படும் நாட்களில் தளர்ச்சி கொஞ்சம் ஏறுகிறது என்றும் படிக்கிறோம். 2020இல் செல்சி மகளிர் அணி மாதவிடாய்ச் சுழற்சியைப் பார்த்துப் பயிற்சியை வகுக்கத் தொடங்கியது. அவர்களிடம் மருத்துவக் குழு இருக்கிறது. பெண் உதவியாளரே இல்லாத ஒரு பள்ளி மைதானத்தில், பயிற்சியாளர் நோட்டுப் புத்தகத்தோடு பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் தேதி கேட்டுக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். இன்றிருக்கும் சான்று அதற்குப் போதாது என்பது என் தீர்மானம்.

நமக்கு வேலை இருப்பது வேறிடத்தில். 2007இல் குரோஸ்ஹாக் குழுவினர் கூடைப்பந்தில் ஜவ்வு கிழிந்த 39 காணொளிகளைச் ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்தார்கள். கால் தரையைத் தொட்ட 17 முதல் 50 மில்லிவினாடிக்குள் கிழிந்திருக்கும் என்று கணித்தார்கள். முட்டி உள்பக்கமாகச் சரிந்து விழுவது பெண்களிடம் 5.3 மடங்கு அதிகம். ஐம்பது மில்லிவினாடியில் யாராலும் யோசித்துக் காலைத் திருத்த முடியாது. கால் காற்றில் இருக்கும்போதே பின்தொடையும் இடுப்பும் இறுகித் தயாராக இருக்க வேண்டும். அது பிறவியில் வருவதில்லை, பழக்கத்தில் வருவது. பூப்புக்கு முன் ஆண், பெண் குழந்தைகளிடம் இந்தக் காயத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும், பதின்பருவத்தில்தான் கோடுகள் பிரிகின்றன என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த வயதில்தான் பையன் தெருவில் இன்னும் குதித்துக்கொண்டிருக்கிறான். பெண்ணை உள்ளே கூப்பிட்டுவிடுகிறோம்.

பழக்கம் என்று நான் சொல்வதற்கு நடனக் கலைஞர்கள் நல்ல சாட்சி. சிறு வயதிலிருந்தே குதித்து இறங்கப் பயின்ற ஆண், பெண் நடனக் கலைஞர்களையும் விளையாட்டு வீரர், வீராங்கனைகளையும் ஒரே உயரத்திலிருந்து இறங்கச் சொன்ன அமெரிக்க ஆய்வில், முட்டி உள்ளே சரிந்தது வீராங்கனைகளுக்குத்தான். நடனப் பெண்கள் ஆண்களைப் போலவே இறங்கினார்கள். அவர்களும் பெண்கள்தானே! (பத்து ஆண்டு அரைமண்டியில் நின்ற முட்டியை நம்மவர் யாராவது இந்தக் கண்ணோடு அளந்தால் இந்த இதழில் முதல் பக்கம் தருகிறேன்.)

2005இல் ஹ்யூவெட் குழு 205 வீராங்கனைகளைக் குதிக்கவைத்து அளந்தது. பிறகு ஒன்பது பேருக்குக் கிழிந்தது. முட்டி உள்ளே சரிந்தவர்கள்தான் அந்த ஒன்பது பேர் என்பதுபோலத் தெரிந்தது. அதை நம்பி ‘ரிஸ்க் ஸ்கிரீனிங்’ என்று கட்டணம் வாங்கும் இடங்கள் முளைத்தன. 2016இல் நார்வேயில் எழுநூறுக்கும் மேற்பட்ட ஹேண்ட்பால், கால்பந்து வீராங்கனைகளிடம் அதே குதியைச் சோதித்தபோது அது யாரையும் உருப்படியாகப் பிரித்துக் காட்டவில்லை. ஆகவே பத்து பேரில் ‘ஆபத்தான’ இருவரைப் பொறுக்காதீர்கள். பத்து பேருக்கும் பயிற்சி கொடுங்கள்.

கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடன் இருக்கிறது. 2009 பருவத்தில் 12 முதல் 17 வயதுவரையிலான 4,564 கால்பந்துப் பெண்கள். பாதிக் கழகங்களுக்கு வாரம் இருமுறை 15 நிமிட வார்ம் அப்: ஒற்றைக்கால் குந்து, இடுப்புத் தூக்கல், பிளாங்க், லஞ்ச், குதித்து இறங்கல். கருவி எதுவும் வேண்டாம். பருவ முடிவில் பயிற்சி பெற்றவர்களில் ஏழு பேருக்கும், பெறாதவர்களில் பதினான்கு பேருக்கும் ஏ.சி.எல். கிழிந்திருந்தது. சரிக்கட்டிய கணக்கில் 64 சதவீதக் குறைவு. எண்கள் சிறியவை, ஒத்துக்கொள்கிறேன். ஒழுங்காகச் செய்த அணிகளில்தான் பலன் கூடுதல் என்பதும் பின்னால் தெரிந்தது. செலவில்லாத 15 நிமிடத்துக்கு இதைவிட நல்ல பேரத்தை நம் துறையில் நான் பார்த்ததில்லை.

தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தை 2018இலும் 2023இலும் வென்ற மாநிலம் நம்முடையது. அந்த அணிக்குப் போய்ச் சேரும் பிள்ளைகள் எந்த மைதானங்களிலிருந்து கிளம்புகிறார்கள் என்று நமக்குத் தெரியும். இந்த 15 நிமிடம் தொடங்க வேண்டியது அங்கேதான். இன்னொரு விஷயம், நம் கபடிக்காரர்கள் காதில் விழ வேண்டியது. 2003இல் நார்வேயில் ஹேண்ட்பால் தரைகளை ஒப்பிட்டபோது, மரத்தரையைவிடப் பிடிப்பு அதிகமுள்ள செயற்கைத் தரையில் பெண்களுக்குக் கிழிவு இரு மடங்குக்கும் மேல் இருந்தது. ஆண்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஹேண்ட்பால் வேறு, கபடி வேறுதான். ஆனால் வருடம் முழுக்கச் செம்மண்ணில் வெறுங்காலோடு ஆடிவிட்டு, போட்டியன்று மட்டும் ஷூ போட்டு மேட் விரிப்பில் ஏறும் பெண்ணின் கால், மண்ணில் வழுக்கிக்கொடுத்த இடத்தில் இங்கே நின்றுவிடுகிறது. உடம்பு திரும்பிவிடுகிறது.

கிழிந்த பிறகு வரும் கணக்கும் சிறியதல்ல. லோமாண்டர் குழு ஸ்வீடனில் ஜவ்வு கிழிந்த கால்பந்து வீராங்கனைகளை 12 ஆண்டு கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தது. சராசரி வயது 31. எக்ஸ்ரே எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மூட்டுத் தேய்மானம். நாம் அறுபது வயது அம்மாக்களுக்குச் சொல்லும் ‘படி ஏறாதீங்க, சம்மணம் போடாதீங்க’ என்ற பேச்சை ஒரு முப்பத்தொரு வயதுப் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள்.

கேஸ் ஷீட்டில் பெயர், வயது, ‘பெ’ என்று எழுதிவிட்டுக் காரணம் கிடைத்துவிட்டதாக நாம் நிம்மதியாகிவிடுகிறோம். அதற்குக் கீழே நான்கு கேள்விகளைச் சேர்க்கச் சொல்வேன். கிழிந்தது பயிற்சியிலா, போட்டியிலா, எத்தனையாவது நிமிடத்தில்? எந்தத் தரை, காலில் என்ன? குதித்து இறங்க யாராவது சொல்லித் தந்தார்களா, எந்த வயதிலிருந்து? எடை தூக்கும் பயிற்சி உண்டா, அந்த அறைக்குள் பெண்களை விடுகிறார்களா? ஆண்களிடமும் இதே நான்கையும் கேளுங்கள். அப்போதுதான் ஒப்பிட ஏதாவது கையில் இருக்கும்.

அந்த இளம் பிசியோ கேள்வி கேட்ட வாரத்திலேயே பதினேழு வயதுக் கபடி வீராங்கனை ஒருத்தி, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வந்தாள். லாக்மன் சோதனை செய்து பார்த்தோம், சந்தேகத்துக்கு இடமில்லை. ஷூவைப் பற்றிக் கேட்டோம்.

“அண்ணன் ஷூ சார். கொஞ்சம் பெருசு. அன்னைக்குத்தான் மொத மொத போட்டேன்.”

இளம் பிசியோ அதை அப்படியே எழுதிக்கொண்டார்.